ஒரு மரபணுவின் ஆயுள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி ரசீன், கெனோஷா என்ற இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே முட்டைக்கோஸ்தான் பெரிய பணப்பயிர். ஆண்டுதோறும் அதே வயலில் அதே பயிரை நட்டுவந்ததில் மண்ணிலேயே ஒரு நோய் குடியேறிவிட்டது. நட்ட சில வாரங்களில் செடியின் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகும். செடி அந்தப் பக்கமாகக் கோணும். அடியிலைகள் ஒவ்வொன்றாக உதிரும். கடைசியில் கோஸ் கட்டாமலே காய்ந்துபோகும். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நீர் ஏறும் குழாய்கள் பழுப்பேறிக் கிடக்கும்.

மஞ்சள் வாடல் என்ற இந்த நோய்க்குக் காரணம் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சை. வேர் வழியாக நுழைந்து நீர்க்குழாய்களை அடைத்துவிடும். பயிரே இல்லாவிட்டாலும் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். தெளித்துக் கொல்ல மருந்து இல்லை. வேறு நிலம் தேடிப் போவதுதான் உழவர்களுக்கு இருந்த ஒரே வழி.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் துறையைக் கட்டியெழுப்ப வந்த எல்.ஆர். ஜோன்ஸ் 1910-இல் இந்த வயல்களைச் சுற்றிப் பார்த்தார். ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோன வயல்களிலும் ஆங்காங்கே ஒரு சில செடிகள் நல்ல கோஸ் கட்டி நின்றன. மற்றவர்கள் செத்த செடிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் பிழைத்த செடிகளை வேரோடு பெயர்த்து எடுத்துக்கொண்டார். முட்டைக்கோஸ் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் பூக்கும். ஆகவே அவற்றைக் குளிர்காலம் முழுக்கப் பாதுகாத்து, மறுபருவத்தில் நட்டு, விதை எடுத்து, அந்த விதையை மறுபடியும் அதே நோய்பிடித்த மண்ணில் விதைத்தார். இப்படி மீண்டும் மீண்டும் தெரிவுசெய்ததில் 1910களின் நடுவில் ‘விஸ்கான்சின் ஹாலண்டர்’ என்ற ரகம் கிடைத்தது. கைவிடப்பட்ட நிலங்களில் அது விளைந்தது.

இரண்டு விதமான எதிர்ப்பு

நோய் எதிர்ப்பும் மெண்டலின் விதிகளின்படிதான் பரம்பரையாக இறங்குகிறது என்பது அப்போது புதிய செய்தி. கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் 1905-இல் கோதுமையின் மஞ்சள் துரு நோயை வைத்து அதைக் காட்டியிருந்தார். முட்டைக்கோஸில் அதே கேள்வியைக் கையில் எடுத்தவர் ஜே.சி. வாக்கர். ரசீனிலேயே பிறந்தவர், பின்னாளில் காய்கறி நோயியலின் பெரும் பெயர்களில் ஒருவரானவர்.

விஸ்கான்சின் ஹாலண்டரிடம் ஒரு பலவீனம் இருந்ததை வாக்கர் கண்டார். கோடை கடுமையாகி மண் சூடேறினால் அதன் எதிர்ப்பு தளர்ந்துவிடும். அதை எதிர்ப்பில்லாத செடிகளோடு கலந்து பார்த்தபோது பிள்ளைகள் இரண்டு தெளிவான கூட்டமாகப் பிரியவில்லை. கொஞ்சம் எதிர்ப்பு, நிறைய எதிர்ப்பு என்று படிப்படியாக வந்தன. பல மரபணுக்கள் சிறுசிறு பங்களித்துச் சேர்ந்து உண்டாக்கும் எதிர்ப்பு அது. அதற்கு ‘வகை B’ என்று பெயர் வைத்தார்கள். வேறு சில செடிகளிலோ சூடான மண்ணிலும் எதிர்ப்பு அசையவில்லை. அவற்றின் பேரப்பிள்ளைகள் மூன்றுக்கு ஒன்று என்ற மெண்டல் விகிதத்தில் பிரிந்தன. ஒரே ஓங்கு மரபணு செய்யும் வேலை அது. இது ‘வகை A’. 1930 வாக்கில் இந்தக் கணக்கு தெளிவாகிவிட்டது.

வகை A கையாள எளிது. ஒரு மரபணு இருந்தால் போதும், செடி பிழைக்கும். எந்த ரகத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். அதைக் கடக்கக்கூடிய ஃபியூசேரியம் இனம் ஒன்று கலிபோர்னியாவில் 1980களில்தான் கண்டறியப்பட்டது. அந்த இனமும் உலகம் முழுக்கப் பரவிவிடவில்லை. வாக்கர் பிரித்துக் காட்டிய அந்த மரபணு முட்டைக்கோஸ் வயல்களில் இன்றும் பயன்படுகிறது.

19 இனங்கள்

இனி வேறொரு கீரை. ஸ்பினாச் என்பது ஸ்பினாசியா ஒலரேசியா என்ற தாவரம். தமிழ்நாட்டுக் கடைகளில் பாலக் என்ற பெயரில் கிடைப்பது பீட்ரூட்டின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு பேரினம். ஸ்பினாச்சின் பெரும் எதிரி அடிச்சாம்பல் நோய். இலையின் மேல்புறம் மங்கிய மஞ்சள் திட்டுகள். திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த மென்படலம். காரணம் பெரோனோஸ்போரா எஃபூசா என்ற நுண்ணுயிர். பார்வைக்குப் பூஞ்சைபோல இருந்தாலும் பூஞ்சை இல்லை. ஊமைசீட் என்ற தனி வகுப்பு. அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து 1845-இல் பஞ்சத்தைக் கொண்டுவந்த உயிரியும் இதே வகுப்புதான். நம் ஊர்த் தண்டுக்கீரை இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளங்களை உண்டாக்கும் வெண்துரு நோயின் காரணியும் இதற்கு உறவு.

ஸ்பினாச்சின் அடிச்சாம்பல் நோயை 1824-இல் ஐரோப்பாவில் முதலில் விவரித்தார்கள். இன்று இனம் 1 என்று அழைக்கப்படுவது அதுதான். அதற்கு எதிர்ப்புள்ள ரகங்கள் வந்தன. 1958-இல் அவற்றையும் தாக்கும் இனம் 2 தோன்றியது. அடுத்த எதிர்ப்பு மரபணுவைச் சேர்த்தார்கள். 1976-இல் இனம் 3. 1990-இல் இனம் 4. இவ்வளவுக்கு 166 ஆண்டுகள் ஆயின. பிறகு வேகம் மாறியது. நெதர்லாந்தைத் தளமாகக் கொண்ட பன்னாட்டுக் குழு ஒன்று புதிய இனங்களைச் சோதித்து எண் கொடுக்கிறது. 2021-இல் அந்த எண் 19-ஐத் தொட்டது. 31 ஆண்டுகளில் 15 புதிய இனங்கள்.

முட்டைக்கோஸில் ஒரு மரபணு பல தலைமுறை உழவர்களுக்கு உதவியிருக்கிறது. ஸ்பினாச்சில் ஒரு மரபணு சில பருவங்கள்கூடத் தாங்காமல் போகிறது. இரண்டும் நல்ல மரபணுக்கள்தான். இந்த வித்தியாசத்துக்கு விடை தேட, இலைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இலைக்குள் நடப்பது

அடிச்சாம்பல் நோய்க்காரணியின் வித்து ஈரமான இலைமீது விழுந்து முளைக்கிறது. இலைக்குள் இழை விட்டு, ஒவ்வொரு செல்லின் சுவரையும் துளைத்து உறிஞ்சும் உறுப்புகளை நுழைக்கிறது. செல்லை அது கொல்வதில்லை. உயிருள்ள செல்லிலிருந்து மட்டுமே இந்த உயிரியால் உணவு பெற முடியும். செடியின் முதல் காப்பு, நுண்ணுயிர்களுக்குப் பொதுவான மூலக்கூறுகளைச் செல்லின் மேற்பரப்பிலேயே உணர்ந்து எழுகிறது. அந்த எழுச்சியை அடக்க நோய்க்காரணி சிறு புரதங்களைச் செல்லுக்குள் அனுப்புகிறது. அவற்றைத் திறன்புரதங்கள் என்போம்.

செல்லுக்குள் இரண்டாவது காப்பு காத்திருக்கிறது. என்எல்ஆர் என்ற குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் இவை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட திறன்புரதத்தையோ அது செய்யும் சேதத்தையோ உணரும். உணர்ந்த மாத்திரத்தில் அந்தச் செல்லும் சுற்றியுள்ள சில செல்களும் தாமே இறந்துபோகும். உயிருள்ள செல்லை நம்பி வந்த நோய்க்காரணி, செத்த திசுவுக்கு நடுவே பட்டினி கிடந்து அழியும். வெளியே தெரிவதெல்லாம் கண்ணுக்கு அரிதாகவே படும் சிறு பழுப்புப் புள்ளி. சில சமயம் அதுவும் இல்லை.

நோய்க்காரணியின் ஒரு மரபணுவும் செடியின் ஒரு மரபணுவும் இப்படி ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிற்கின்றன என்பதை, புரதங்கள் தெரியவருவதற்கு வெகுகாலம் முன்பே 1940களில் நிறுவியவர் எச்.எச். ஃபுளோர். அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஆளிச் செடியையும் அதைத் தாக்கும் துருப் பூஞ்சையையும் தனித்தனியே கலப்புசெய்து இரண்டின் பரம்பரையையும் சேர்த்துப் படித்தவர் அவர். பூஞ்சையின் பரம்பரையையும் படிக்க வேண்டும் என்று தோன்றியதே அவருடைய பெரிய பங்களிப்பு. இயன் குரூட், ஏ.ஜி. ஜான்சன் ஆகியோர் 1976-இல் லெட்யூஸ் கீரையிலும் அதன் அடிச்சாம்பல் நோயிலும் இதே உறவு இருப்பதைக் காட்டினார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றே. சட்டையின் நிறத்தை வைத்துத் திருடனை அடையாளம் காணும் காவலாளியைப்போல, என்எல்ஆர் புரதம் ஒரேயொரு அடையாளத்தை நம்பி நிற்கிறது. நோய்க்காரணியில் அந்தத் திறன்புரதத்துக்கான மரபணு சிறிது மாறினாலோ, முழுவதுமாகத் தொலைந்தாலோ, செடிக்கு எதுவும் தெரியாது. எதிர்ப்பு மரபணு பழுதின்றி அங்கேயே இருக்கும். அதற்கு உணர ஒன்றும் இருக்காது.

லெட்யூஸின் மரபணு வரைபடம்

இந்த மரபணுக்கள் எங்கே இருக்கின்றன, எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை மற்ற கீரைகளைவிட லெட்யூஸ்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு அமெரிக்காவின் லெட்யூஸ் களஞ்சியம். அதற்கு வடக்கே டேவிஸ் நகரத்தில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மிச்சல்மோர் பல பத்தாண்டுகளாக லெட்யூஸையும் அதன் அடிச்சாம்பல் நோய்க்காரணியான பிரேமியா லாக்டூக்கேயையும் ஆராய்ந்துவருகிறார்.

1991-இல் அவர் தன் சகாக்களோடு ஓர் எளிய உத்தியை வெளியிட்டார். எதிர்ப்புள்ள செடியையும் இல்லாத செடியையும் கலந்து பிறந்த பேரப்பிள்ளைகளில், எதிர்ப்புள்ளவற்றின் டிஎன்ஏவை எல்லாம் ஒரு குப்பியில் சேர்ப்பது. நோய்வாய்ப்பட்டவற்றின் டிஎன்ஏவை இன்னொரு குப்பியில் சேர்ப்பது. கலப்பில் மற்ற மரபணுக்கள் எல்லாம் இரண்டு குப்பியிலும் சமமாகக் கலந்திருக்கும். எதிர்ப்பு மரபணுவும் அதன் அக்கம்பக்கமும் மட்டும் வேறுபடும். ஆயிரக்கணக்கான செடிகளைத் தனித்தனியே ஆராய வேண்டியதில்லை. இரண்டு குப்பிகளை ஒப்பிட்டால் போதும். நெல், கோதுமை, தக்காளி என்று பயிர் வேறுபாடு இல்லாமல் உலகெங்கும் இன்று பயன்படும் இந்த முறை, லெட்யூஸின் அடிச்சாம்பல் எதிர்ப்பைத் தேடியபோது பிறந்தது.

இதுவரை 50க்கும் மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களும் எதிர்ப்புக் காரணிகளும் லெட்யூஸில் பட்டியலிடப்பட்டுள்ளன. பெரும்பாலானவை பண்படுத்தப்பட்ட ரகங்களிலிருந்து வந்தவை அல்ல. சாலையோரத்திலும் தரிசிலும் களையாக முளைக்கும் முள்லெட்யூஸ் போன்ற காட்டு உறவினங்களிலிருந்து வந்தவை. வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது இவை குரோமோசோம்களில் சீராகப் பரவியிருக்கவில்லை. சில இடங்களில் கொத்துக் கொத்தாகக் குவிந்திருந்தன. டிஎம்3 என்ற எதிர்ப்பு மரபணு இருக்கும் கொத்தில் மட்டும் ஒன்றையொன்று ஒத்த 20க்கும் மேற்பட்ட மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒத்த மரபணுக்கள் அருகருகே இருப்பதால், இனப்பெருக்கத்தின்போது குரோமோசோம்கள் இடம் தவறிப் பொருந்தித் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பழைய மரபணு தொலையவும் புதிய அடையாளத்தை உணரும் மரபணு உருவாகவும் இதுவே காரணமாகிறது.

பயிர்ப் பெருக்கம் செய்பவர்களுக்கு இந்தக் கொத்து ஒரு தடையாகவும் இருக்கிறது. ஒரே இடத்தில் உள்ள இரண்டு மாற்று வடிவங்களை ஒரே தூய வரிசையில் சேர்த்து நிலைநிறுத்த முடியாது. ஸ்பினாச்சில் இது இன்னும் கூர்மையான சிக்கல். அதன் முக்கியமான எதிர்ப்பு இடங்கள் 3ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதிக்குள் நெருக்கமாக அடங்கியிருக்கின்றன. சந்தையில் விற்கும் ஸ்பினாச் விதை பெரும்பாலும் முதல் தலைமுறைக் கலப்பினம். ஆகவே தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என இரண்டை மட்டும் இணைத்து, ஒன்று தடுக்காத இனத்தை மற்றொன்று தடுக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரே குடும்பம், வேறு ஆயுள்

முட்டைக்கோஸின் வகை A மரபணு வேறு ஏதோ அபூர்வமான இயந்திரமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். 2010களில் சீனாவிலும் ஜப்பானிலும் ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். அதுவும் அதே என்எல்ஆர் குடும்பம்தான். ஸ்பினாச்சில் சில பருவங்களில் பயனற்றுப்போகிற அதே வகைப் புரதம், முட்டைக்கோஸில் பல தலைமுறைகளாக நிற்கிறது.

ஆக, விடை செடியின் மரபணுவில் மட்டும் இல்லை. 2002-இல் சூரிச்சில் புரூஸ் மெக்டொனால்ட், செலஸ்ட் லிண்ட் ஆகிய இருவரும் இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார்கள். எதிர்ப்பின் ஆயுளைக் கணிக்க நோய்க்காரணியின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்: அது எவ்வளவு தூரம் பயணிக்கிறது, அதன் தொகை எவ்வளவு பெரியது, பாலினப் பெருக்கம் உண்டா, அதன் மீது நாம் செலுத்தும் தெரிவு அழுத்தம் எவ்வளவு கடுமையானது.

முட்டைக்கோஸின் ஃபியூசேரியம் மண்ணில் வாழ்கிறது. காற்றில் ஊர் விட்டு ஊர் போவதில்லை. ஒட்டிய மண்ணோடும் நாற்றோடும் மெதுவாக நகர்கிறது. பாலினப் பெருக்கம் அதில் அறியப்படவில்லை. ஒரு வயலில் ஒரு திரிபு தப்பிப் பிழைத்தாலும் பெரும்பாலும் அந்த வயலோடு நின்றுவிடும்.

ஸ்பினாச்சின் நோய்க்காரணியோ எல்லாக் கணக்கிலும் எதிர்ப்புறம் நிற்கிறது. நோயுற்ற இலையின் அடியில் ஏராளமான வித்துகள் உருவாகிக் காற்றில் பறக்கின்றன. எதிரெதிர் வகை இரண்டு சந்தித்தால் தடித்த ஓடுள்ள பாலின வித்துகளும் உண்டாகின்றன. மரபணுக்கள் புதிதாகக் கலக்கின்றன. இந்தத் தடித்த வித்துகள் ஸ்பினாச் விதையோடு ஒட்டியே செல்வதையும் விதை வழியாக நோய் பரவுவதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1983-இல் காட்டினார்கள். உலகின் ஸ்பினாச் விதையில் பெரும்பகுதி டென்மார்க் போன்ற சில இடங்களில் மட்டுமே விளைந்து கண்டங்கள் கடந்து போகிறது. விதையோடு நோய்க்காரணியும் போக முடியும்.

நாம் கீரை வளர்க்கும் முறையும் இதற்குத் துணைபோனது. 1990களில் பையில் அடைத்த இளங்கீரை அமெரிக்கக் கடைகளில் பெருகியது. இளம் இலைக்காக ஸ்பினாச்சை அகலப் பாத்திகளில் நெருக்கி விதைக்கிறார்கள். ஏக்கருக்குப் பல லட்சம் விதைகள். இலையோடு இலை உரசும் அந்தப் பரப்பில் மேலிருந்து நீர் தூவுகிறார்கள். இலை காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. கோடையில் சலினாஸ், குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமா என்று பயிர் ஆண்டு முழுக்க எங்கேனும் நிற்கிறது. உயிருள்ள இலையை மட்டுமே நம்பி வாழும் உயிரிக்கு ஒரு நாள்கூடப் பசி இல்லை. இயற்கை முறை வேளாண்மையில் செயற்கைப் பூஞ்சைக்கொல்லிக்கு இடமில்லை. அங்கே ரகத்தின் எதிர்ப்பு மட்டுமே உருப்படியான ஆயுதம். மருந்துள்ள இடத்திலும் நிம்மதி இல்லை. ஊமைசீட்களுக்கென்றே வந்த மெட்டலாக்சில் மருந்தை லெட்யூஸின் பிரேமியா 1980களிலேயே, முதலில் பிரிட்டனிலும் பின்னர் கலிபோர்னியாவிலும் கடந்துவிட்டது.

இதற்கெல்லாம் மேலே கீரைக்கு என்றே ஒரு கடினமான விதி இருக்கிறது. கோதுமையின் இலையில் கொஞ்சம் துரு பிடித்தாலும் விற்பது தானியம். விளைச்சல் சற்றுக் குறையும், அவ்வளவுதான். கீரையில் நோய்க்காரணி தின்பதும் நாம் விற்பதும் ஒரே இலை. நான்கு மஞ்சள் திட்டு விழுந்தால் அந்தப் பாத்தியை வாங்க ஆள் இல்லை. பாதி எதிர்ப்பு என்பது சந்தையில் செல்லாது. அதனால் பெருக்கம் செய்பவர்கள் முழு எதிர்ப்பு தரும் ஒற்றை மரபணுக்களை நோக்கியே தள்ளப்படுகிறார்கள். நோய்க்காரணிக்கு எளிதில் உடைக்கக் கிடைப்பதும் அவைதான்.

இல்லாததால் வரும் பலம்

எதிர்ப்பு எப்போதும் ஒரு காவல் புரதத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. லெட்யூஸ் மொசைக் வைரஸ் விதை வழியாகவும் அசுவினி வழியாகவும் பரவும். அதைக் கட்டுப்படுத்த சலினாஸ் பகுதியில் கண்டிப்பான முறைகள் வந்தன: 30,000 விதைகளைச் சோதித்தால் ஒன்றில்கூட வைரஸ் இருக்கக் கூடாது, டிசம்பரில் இரண்டு வாரம் வயலில் லெட்யூஸே நிற்கக் கூடாது. இன்னொரு பக்கம், எகிப்திலிருந்து சேகரித்த லெட்யூஸ் வகைகளில் இந்த வைரஸைத் தாங்கும் ஒடுங்கு மரபணுவை எட்வர்ட் ரைடர் 1970-இல் விவரித்தார்.

அது என்ன செய்கிறது என்பதை 2003-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். செடியின் செல் தன் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கும்போது இஐஎஃப்4இ என்ற புரதத்தைப் பயன்படுத்துகிறது. வைரஸ் தன் புரதங்களைச் செய்துகொள்ளவும் அதே புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எதிர்ப்புள்ள லெட்யூஸில் அந்தப் புரதத்தின் வடிவம் சிறிது மாறியிருக்கிறது. செடிக்கு அதனால் குறை இல்லை. வைரஸுக்குப் பிடி கிடைப்பதில்லை. இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் இது பலிக்கும் என்பதால்தான் இது ஒடுங்கு பண்பு. வேறு மூலங்களில் தேடி அலையாமல், இதே மரபணுவை மரபணுத் திருத்தம் மூலம் மாற்றி வைரஸ் எதிர்ப்பை உருவாக்கலாம் என்று வெள்ளரி போன்ற பயிர்களில் காட்டிவிட்டார்கள்.

சிறு பங்குகளின் கூட்டு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வந்த ‘ஐஸ்பர்க்’, ‘கிராண்ட் ரேபிட்ஸ்’ என்ற இரண்டு லெட்யூஸ் ரகங்கள் ஆய்வாளர்களின் கவனத்தைத் திருப்பின. நாற்றுப் பருவத்தில் அவற்றுக்கு அடிச்சாம்பல் நோய் வரும். வளர்ந்த செடி வயலில் நிற்கும்போதோ மற்ற ரகங்களைவிட மிகக் குறைவாகவே பாதிக்கப்படும். ஒரு இனத்தை மட்டும் தடுக்கும் எதிர்ப்பு இல்லை இது; பல மரபணுக்கள் சேர்ந்து நோயின் வேகத்தைக் குறைக்கின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கனில் லாக்டூகா சாலிக்னா என்ற காட்டு இனத்தின் குரோமோசோம் துண்டுகளை ஒவ்வொன்றாக லெட்யூஸுக்குள் கொண்டுவந்து, எந்தத் துண்டு எவ்வளவு பங்களிக்கிறது என்று அளந்தார்கள். அந்தக் காட்டு இனத்தைப் பிரேமியாவின் எந்த இனமும் பெரிதாகத் தாக்குவதில்லை.

தனியாகப் பயன்படுத்தினால் இந்தச் சிறு பங்குகள் சந்தை கேட்கும் குறையில்லாத இலையைத் தருவதில்லை. ஆனால் ஒரு என்எல்ஆர் மரபணுவின் பின்னால் இவற்றை வைத்தால் கணக்கு மாறுகிறது. நோய்க்காரணியின் திரிபு ஒன்று முன்வாசலைக் கடந்தாலும் அது மெதுவாகவே வளரும், குறைவான வித்துகளையே உதிர்க்கும். ஆகவே அந்தத் திரிபு பெருகிப் பக்கத்து வயலுக்குப் போவது தாமதமாகும். டிஎன்ஏ அடையாளங்கள் இல்லாமல் இந்தக் கூட்டை அமைக்க முடியாது. முழு எதிர்ப்பு தரும் மரபணு செடியில் இருக்கும்போது, அதன் பின்னால் உள்ள சிறு பங்குகள் வயலில் கண்ணுக்குத் தெரியாது என்பதே காரணம்.

இந்த வேலைக்கு மூலப்பொருள் காட்டு விதைகள். 2008-இல் நெதர்லாந்தின் மரபணு வங்கி உஸ்பெகிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் ஆட்களை அனுப்பிக் காட்டு ஸ்பினாச் விதைகளைச் சேகரித்தது. கீரைத்தண்டு வகைகளுக்கு இந்தியாவிலும் அத்தகைய சேமிப்பு உண்டு. தேசிய தாவர மரபணு வள நிறுவனத்தின் ஷிம்லா நிலையம் அவற்றைப் பராமரிக்கிறது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘அர்கா சுகுணா’ கீரைக்கு வெண்துருவை ஓரளவு தாங்கும் திறன் உண்டு. தைவானிலிருந்து வந்த ஒரு விதைத் தொகுப்பிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட ரகம் அது. 25, 30 நாளில் அறுவடைக்கு வந்து, பலமுறை வெட்டி எடுக்கக்கூடிய இந்தக் கீரையில் மருந்து தெளித்துவிட்டுக் காத்திருக்க நாள்கள் கிடையாது; தெளித்த மருந்து நேராக உண்பவரின் தட்டுக்கே வரும். லெட்யூஸுக்கும் ஸ்பினாச்சுக்கும் நடந்த மரபணுத் தேடல் நம் கீரைகளுக்கும் முழு அளவில் நடக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.